வீட்டுக்கு ஒரு சைக்கிள்!

சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள்! ஓட்டப் போகிறவர்களில் குள்ளமானவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே அவர் கால் விரல் தரையில் ஊன்ற வேண்டும். எட்டாவிட்டால், அந்த சைக்கிள் மூலையில்தான் நிற்கும்.

சேலை கட்டும் பெண்களுக்குக் குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள்தான் வசதி. ஆனால், புதுக்கோட்டைப் பெண்கள் வேறு கணக்குப் போட்டார்கள்! 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது சைக்கிள் பழகிய அவர்களில் பலர், ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். லேடீஸ் சைக்கிள் போதிய அளவு கிடைக்கவில்லை. அதோடு, முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

சமதரையில் ஓட்டுவதற்கு கியர் எதற்கு? விலையும் கூடும், பழுதும் கூடும். அந்தப் பணத்தில் செயின் கவர், கேரியர், நல்ல பூட்டு வாங்கலாம்.

பழைய சைக்கிளா? சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். கோணி ஓடினால் கோட்டம் எடுத்துவிடலாம். பிரேமில் விரிசல் இருந்தால், பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்!