“இதுவும் கூட்டுற வேலைதானே சாமி?”

விடியற்காலை ஐந்து மணி. ஈரோடு மாவட்டத்தில் உள்ள ஓர் அருந்ததியர் காலனி. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வேலைக்குக் கிளம்புகிறார்கள். தாய் நகரத் தெருக்களைக் கூட்டும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்; ஆறு மணிக்குள் மஸ்டரில் பெயர் கொடுக்க வேண்டும். மகனுக்கு இருபத்தெட்டு வயது. பட்டயப் படிப்பு முடித்தவர். வாசலில் நிற்கும் வேனின் பின்கதவைத் திறந்து எந்திரத்தையும் ஹோஸ் குழாய்களையும் அடுக்கிக்கொண்டிருக்கிறார். வேனின் பக்கவாட்டில் நீல எழுத்தில் எழுதியிருக்கிறது: ‘கார்ப்பெட், சோபா, மெத்தை சலவை. உங்கள் வீட்டுக்கே வருகிறோம்.’

ஒரு நாள் முழுவதும் அந்த வேனில் நானும் போனேன். அன்று பார்த்ததையும் கேட்டதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எந்திரம் எப்படி வேலை செய்கிறது?

முதல் வேலை ஒரு மருத்துவரின் வீட்டில். மூன்று பேர் உட்காரும் சோபா, கூடத்தில் விரித்த ஒரு பெரிய கார்ப்பெட். கார்ப்பெட்டில் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் தண்ணீரையே தொடவில்லை. வேக்குவம் எந்திரத்தை வைத்து நிதானமாக இழுத்தார். “அழுக்குல பெரும்பகுதி காஞ்ச மண்ணுதாங்கண்ணா. அத எடுக்காம தண்ணி விட்டா சேறாகி உள்ள எறங்கிரும்” என்றார்.

அடுத்து, ஈரமாக்கிய வெள்ளைத் துணியைக் கார்ப்பெட்டின் ஓரத்தில் அழுத்தி எடுத்துப் பார்த்தார். சாயம் ஒட்டினால் வேலையை ஒப்புக்கொள்ள மாட்டார். நம் பவானி ஜமக்காளத்தைக்கூட இந்தச் சோதனை இல்லாமல் தொடுவதில்லை. சிவப்பு, பச்சைப் பட்டைகளின் சாயம் ஒன்றில் ஒன்று இறங்கிவிட்டால் யாராலும் மீட்க முடியாது. கம்பளி நூல் என்றால் காரத்தன்மையுள்ள சோப்பும் கூடாது, கொதிக்கும் தண்ணீரும் கூடாது.

சோதனை முடிந்ததும் சலவைக் கரைசலைத் தெளித்தார். பத்து நிமிடம் ஊறவிட்டார். மென்மையான பிரஷ்ஷால் நூலின் போக்கிலேயே தேய்த்தார். பிறகுதான் எந்திரம். அதில் இரண்டு தொட்டிகள். ஒன்றிலிருந்து வெந்நீர் அழுத்தத்தோடு குழாய் முனைக்கு வந்து நூலுக்குள் பாய்கிறது. அந்த முனைக்குப் பக்கத்திலேயே உள்ள உறிஞ்சுவாய், பாய்ந்த நீரை அழுக்கோடு இழுத்து இரண்டாவது தொட்டிக்குக் கொண்டுபோகிறது. ஒருமுறை தண்ணீர் விட்டு இழுத்த இடத்தில் இன்னும் இரண்டு முறை வெறுமனே இழுக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் நாற்றமும் பூஞ்சையும் வரும். கடைசியில் காற்றடிக்கும் ஃபேனை வைத்துக் காயவிடுகிறார்.

வெள்ளைத் தொட்டியில் சேர்ந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்து மருத்துவர் வீட்டுப் பாட்டி, “இத்தனை நாளா இது மேலயா உக்காந்திருந்தோம்!” என்று வாயில் கை வைத்தார்.

மின்சாரத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2,000 வாட் இழுக்கும் எந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்ப் எடுக்கும். ஃபேன், விளக்குக்கான 5 ஆம்ப் பிளக்கில் செருகினால் ஒயர் சூடாகிவிடும். ஆகவே வீட்டுக்குள் நுழைந்ததும் 15 ஆம்ப் பிளக் எங்கே, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்க மாட்டார். கலந்தால் வருவது குளோரின் வாயு, மூச்சை அடைத்துவிடும். இதையெல்லாம் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ‘யார் வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று ஊர் சொல்லும் துப்புரவுக்குள் இவ்வளவு படிப்பு இருக்கிறது. நம் தாய்மாருக்கு அந்தப் படிப்பையும் எந்திரத்தையும் கொடுக்காமல், துடைப்பத்தை மட்டும் கொடுத்தார்கள்.

வாசலில் நிற்கும் சாதி

எந்திரம் வந்தால் சாதி போய்விடுமா? போகவில்லை. போனில் பேசும்போதே சிலர், “நீங்க எந்த ஊருங்க? ஊருக்குள்ளயா, காலனியா?” என்று கேட்கிறார்களாம். ‘காலனி’ என்றதும், “அப்புறம் கூப்பிடறோம்” என்று வைத்துவிடுபவர்கள் உண்டு. உள்ளே விடுகிற வீடுகளிலும், பூசையறைப் பக்கம் போகாதே என்பார்கள். வீட்டாருக்கு எவர்சில்வர் டம்ளர், இவருக்குப் பேப்பர் கப். “பேப்பர் கப்பு வந்ததுல அவங்களுக்கு ஒரு சௌரியம்ங்கண்ணா. தனி டம்ளர்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மதியம் இரண்டாவது வேலை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். வேலை நன்றாக முடிந்தது. பணமும் பேசியபடி கைக்கு வந்தது. கிளம்பும் நேரத்தில் குடியிருப்புச் சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவர் வந்தார். எந்திரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “தம்பி, இதுதான் நல்லா உறிஞ்சுதே. பின்னால செப்டிக் டேங்க் ரொம்பிக் கெடக்குது. அதையும் பாத்துவிட்ரு. உங்காளுங்களுக்குத் தெரியாததா? கூடப் போட்டுத் தர்றேன்” என்றார்.

சோபாவும் கார்ப்பெட்டும் சலவை செய்கிறவரிடம் எவரும் மலக்குழியைச் சுத்தம் செய்யச் சொல்வதில்லை. இவரிடம் சொன்னார்கள். காரணம் அந்த ‘உங்காளுங்க’ என்ற சொல்லிலேயே இருக்கிறது.

அவர் குரலை உயர்த்தவில்லை. “இல்லீங்க சார், அது இந்த மிஷின் வேலை இல்லீங்க. நான் செய்யவும் மாட்டேனுங்க. அதுக்கு உரிமம் வாங்குன லாரி இருக்குது, அதக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். போகும் வழியில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றைச் சொன்னார்: “எங்கம்மாவால இப்படிச் சொல்ல முடியாதுங்கண்ணா. சொன்னா மறுநாள் மஸ்டர்ல பேரு இருக்காது.”

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மலக்குழிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கியிருக்கும். முதலாவது தீப்பற்றும், இரண்டாவது சில மூச்சுகளில் ஆளைக் கொல்லும். வீட்டு உபயோக வேக்குவத்தின் மோட்டார் பொறி ஒன்றே வெடிக்கப் போதும். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. முதல்முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் வெளிவர முடியாத குற்றம் இது. சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ‘கூடப் போட்டுத் தர்றேன்’ என்பவருக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டி எப்படி வந்தது?

எல்லோரும் கேட்கும் கேள்வி, முதலுக்கு எங்கே போவது என்பதுதான். தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கானது. திட்டச் செலவில் 35 விழுக்காடு மானியம். மீதி வங்கிக் கடன். கடனுக்கு 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. உற்பத்தி, வணிகம், சேவை மூன்றுக்கும் பொருந்தும்.

ஒரு கணக்குப் போடுவோம். வேனும் எந்திரங்களும் சேர்த்து 8 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். மானியம் 2,80,000. கடன் 5,20,000. 11 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுக்குக் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 11,300 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால், நாளொன்றுக்கு 450 ரூபாய் தவணைக்கு மட்டும் ஒதுங்க வேண்டும். டீசல், சலவைக் கரைசல், உதவியாளர் கூலி தனி. வட்டி மானியம் வந்தால் சுமை குறையும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கடனில் இறங்கக் கூடாது.

விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகப் போகிறது. சாதிச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை, எந்திரத்துக்கான கொட்டேஷன், திட்ட அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். உதயம் பதிவு இலவசம். அதற்கு யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

நம் இளைஞரை முதலில் போன வங்கிக் கிளையில், “பத்திரம் இருக்குதா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். குறிப்பிட்ட வரம்பு வரையிலான சிறுதொழில் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போனார். இரண்டாவது கிளையில் கடன் கிடைத்தது. மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் ‘இல்லை’யைப் பலர் எழுத்தில் தரத் தயங்குவார்கள்.

ஒரு எச்சரிக்கை

இதை எழுதும்போது எனக்குள் ஒரு தயக்கமும் இருக்கிறது. துப்புரவுப் பணியாளரின் பிள்ளைக்குத் துப்புரவு எந்திரம் வாங்கவே கடன் என்றால், துடைப்பத்தின் இடத்தில் மோட்டாரை வைத்ததாகத்தானே ஆகும்? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அண்ணல் 1936இலேயே எழுதிவிட்டார். நம் பிள்ளைகள் மென்பொருள், அச்சகம், மருந்துக்கடை, லாரிப் போக்குவரத்து எனப் பல தொழில்களுக்கும் கடன் கேட்கலாம். திட்டத்தில் இவற்றுக்குத் தடை இல்லை. ‘உனக்கு இதுதான் வரும்’ என்று எந்த அதிகாரி சொன்னாலும் கேட்காதீர்கள்.

அப்படியானால் இந்த இளைஞர் செய்வது தவறா? அன்று இரவு அவர் வீட்டில் அந்தக் கேள்வியைத் தாயே கேட்டார். சோறு போட்டபடி, “எத்தன மிஷினு வெச்சாலும் இதுவும் கூட்டுற வேலைதானே சாமி? இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?” என்றார்.

மகன் உடனே பதில் சொல்லவில்லை. மதியம் நடந்ததை மெதுவாகச் சொன்னார். செப்டிக் டேங்க் பேச்சு வந்ததும் தாயின் கை அப்படியே நின்றது.

“நீ என்ன சொன்னே?”

“முடியாதுன்னு சொல்லிட்டம்மா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.”

தாய் சிறிது நேரம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். கேட்ட கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர் மஸ்டருக்குக் கிளம்பத்தான் வேண்டும். ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை அவருக்கும் வர வேண்டும். பணி நிரந்தரம், எந்திரம், கையுறை, நியாயமான கூலி என்று அவரைப் போன்ற தாய்மார் தெருவில் நின்று கேட்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.