ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய எண்

இரண்டை 67 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 21 இலக்க எண்ணொன்று கிடைக்கும். அது முதன்மை எண் அன்று என 1876இல் பிரெஞ்சு அறிஞர் லூக்கா நிறுவினார், காரணிகளை அறிந்திலர். 1903இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல் அவற்றை வெளியிட்டார்: 193707721, 761838257287. இதற்கென மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளை அவர் ஈந்தார் என்பர்.

இன்றோ, பிரான்சில் உருவான ‘பாரி’ என்னும் கணித மென்பொருள் நூலகம் அதனை இமைப்பொழுதில் பிரித்துவிடும். அங்ஙனமாயின், பேரெண்ணின் காரணிகளை மறைத்து நாம் காக்கும் இரகசியங்கள் என்னாகும்? அஞ்சற்க. 2020இல் 250 இலக்க எண்ணொன்றைப் பல கணினிகள் கூடிப் பிரித்தன. ஒற்றைக் கருச் செயலி தனித்துச் செய்யின் அதற்கு ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் பிடிக்கும். இவ்வகைப் பூட்டுக்கு இந்நாளிற் கொள்ளும் எண்களோ 600 இலக்கங்களைக் கடந்தவை. பெருக்குவது எளிது, பிரிப்பதே அரிது. அவ்வருமை நீடிக்கும் வரையில் நாம் அச்சமின்றி உறங்கலாம்.