வீடு போன ஆண்டில் வரைந்த முகம்

கண்ணாடி முன் நின்று வலது கையால் தலை சீவினால், உள்ளே தெரிகிறவர் இடது கையால் சீவுவார். தன்னைத் தானே வரையும் ஓவியருக்கு முதல் சிக்கல் இதுதான். லண்டன் கென்வுட் மாளிகையில், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1665 வாக்கில் வரைந்த தன்னுருவ ஓவியம் இருக்கிறது. அதை எக்ஸ்ரே எடுத்தபோது, அடியில் வேறொரு நிலை தெரிந்தது. முதலில் கண்ணாடி காட்டியபடியே, தூரிகையை இடது கையில் வைத்திருக்கிறார். பிறகு அதன்மேல் பூசி, வண்ணத்தட்டையும் தூரிகைகளையும் அந்த இடது கைக்குக் கொடுத்துத் தன்னை வலக்கைக்காரராக மாற்றியிருக்கிறார்.

கண்ணாடி சொன்னது வேறு, ஓவியர் எழுதியது வேறு. இரண்டுக்கும் நடுவே அவர் எடுத்த முடிவுகள்தான் தன்னுருவ ஓவியம். நாமோ, 'கண்ணில் எவ்வளவு சோகம்!' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ரெம்பிராண்ட் வாழ்நாளில் தன்னை ஏறக்குறைய 40 முறை வண்ணத்தில் வரைந்தார். செப்புத் தகட்டில் அரித்து அச்சிட்ட படங்கள் முப்பதுக்குப் பக்கம். எல்லாமே ஆத்ம விசாரணை என்று நினைக்க வேண்டியதில்லை. 1630-இல் லெய்டன் நகரில் இளைஞராக இருந்தபோது, வாயைப் பிளந்தும் புருவத்தை நெரித்தும் சிரித்தும் முகபாவங்களைப் பழகினார். கூலி கேட்காத மாதிரி தன் முகம்தானே! அவற்றில் ஒன்று ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். புகழ் வந்தபின், புகழ்பெற்ற முகத்தை அந்தப் புகழ்பெற்ற கையே வரைந்த படத்துக்கு வாங்குபவர்களும் இருந்தார்கள்.

அவர் மாவு ஆலைக்காரரின் மகன். ஆனாலும் 1630-களின் தொடக்கத்தில், முதல் பெயரை மட்டும் எழுதிக் கையொப்பமிடத் தொடங்கினார். டிஷியன், ரஃபேல் போன்ற இத்தாலிய மேதைகள் அப்படித்தான் அறியப்பட்டார்கள். ரஃபேல் வரைந்த, இத்தாலிய எழுத்தாளர் காஸ்டிலியோனேயின் உருவப்படம் 1639-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தது. ரெம்பிராண்ட் அதைப் பார்த்து ஒரு கோட்டோவியம் போட்டு, விலைபோன தொகையையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார்: 3,500 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). மறு ஆண்டு, 34 வயதில், தன்னை வரைந்தபோது டிஷியனின் பழைய ஓவியம் ஒன்றில் இருப்பதுபோலவே கையை முன்தட்டில் ஊன்றிக்கொண்டார். உடையும் தன் காலத்தது அல்ல, நூறாண்டுக்கு முந்தைய பாணி. யாருடைய வரிசையில் தன்னை உட்கார்த்த வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, சட்டையால் சொன்னார். இன்று அந்த ஓவியமும் டிஷியனின் அந்த ஓவியமும் லண்டன் தேசிய ஓவியக் கூடத்திலேயே இருக்கின்றன.

ரஃபேல் படம் ஏலம் போன அதே 1639-இல், 13,000 கில்டருக்குப் பெரிய வீடொன்றை வாங்கியிருந்தார். கடன் தீரவே இல்லை. 1656-இல் திவாலானார். வீட்டிலிருந்த ஓவியங்கள், சிற்பங்கள், ஆயுதங்கள் எல்லாவற்றையும் அதிகாரிகள் பட்டியலிட்டார்கள், ஏலமும் நடந்தது. 1658-இல் வீடும் கைவிட்டுப் போனது. 1660-இல் துணைவி ஹெண்ட்ரிக்யேயும் மகன் டைட்டஸும் ஒரு வணிக நிறுவனம் தொடங்க, அதில் அவர் ஊழியராகச் சேர்ந்தார். சம்பாத்தியம் கடன்காரர் கைக்குப் போகாமலிருக்க அதுவே வழி.

வீடு போன அதே 1658-இல் தன்னை எப்படி வரைந்தார் தெரியுமா? ஓர் அரசர் கொலுவிருப்பதுபோல். பொன்மஞ்சள் அங்கி, இடுப்பில் சிவப்புக் கச்சை, கையில் பூணிட்ட கோல், பெரிய துணியில். முகத்தில் மட்டும் எதையும் மறைக்கவில்லை. தளர்ந்த கன்னமும் களைத்த கண்ணும் அப்படியே இருக்கின்றன. இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பட்டியல் போட்ட அதிகாரிகளால் எடுத்துச் செல்ல முடியாதது எது என்பதற்கு அவர் தந்த சாட்சியம் இது. அவருடைய தன்னுருவ ஓவியங்களில் முதலிடத்தை இதற்கே கொடுப்பேன். நியூயார்க் போக வாய்ப்பவர்கள், ஃப்ரிக் கலைக்கூடத்தில் இதன்முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.