உங்களுக்குத் தெரியுமா? – மினஸ்க்யூலில் ஒளிந்திருக்கும் மைனஸ்

● ஆங்கிலத்தில் 'மினஸ்க்யூல்' என்று ஒரு பெயரடை உண்டு. மிகமிகச் சிறிய என்று பொருள். நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களையும் காலை வாரிவிடும் சொல் இது. சரியான ஸ்பெல்லிங்: எம், ஐ, என், யு, எஸ், சி, யு, எல், இ. மொத்தம் 9 எழுத்து. தவறு நடப்பது நான்காவது எழுத்தில். அங்கே யு வர வேண்டும். பலர் ஐ போட்டுவிடுகிறார்கள். மற்ற எழுத்துகளில் யாருக்கும் பெரிதாகத் தகராறு இல்லை.

● முதல் ஐந்து எழுத்தை மட்டும் பிரித்துப் படியுங்கள். கணக்கு வகுப்பில் பழகிய அதே மைனஸ்! இது மனப்பாடத்துக்காக யாரோ கட்டிவிட்ட குறுக்குவழி அல்ல, சொல்லின் பிறப்பே அதுதான். லத்தீனில் 'மினுஸ்' என்றால் குறைவானது. அதோடு, சின்னது என்று காட்டும் 'குலுஸ்' என்ற விகுதி சேர்ந்து 'மினுஸ்குலுஸ்' ஆயிற்று. 'சற்றே சிறிய' என்பதுதான் அங்கே பொருள். பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது.

● அந்தக் 'குலுஸ்' விகுதி வேறு இடங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேதியியலில் வரும் மாலிக்யூல், 'சின்னஞ்சிறு திரள்'. ஜிம்முக்குப் போகிறவர்கள் வளர்க்கும் மஸிலும் இந்த வீட்டுப் பிள்ளைதான். 'முஸ்' என்றால் எலி, 'முஸ்குலுஸ்' என்றால் எலிக்குட்டி. தோலுக்கு அடியில் தசை புரளுவது பழைய ரோமானியர்களுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது போலும்.

● தவறு எப்படி நுழைந்தது? பாதிக் குற்றம் காதினுடையது. ஒரு காலத்தில் இந்தச் சொல்லை இரண்டாவது அசையில் அழுத்தி, 'மி-நஸ்-க்யூல்' என்று உச்சரித்தார்கள். யு எழுத்து அப்போது காதில் தெளிவாக விழுந்தது. பிறகு அழுத்தம் முதல் அசைக்கு நகர்ந்துவிட்டது. அழுத்தம் போன உயிரெழுத்து ஆங்கிலத்தில் மங்கிப்போகும். அது ஏ-யா, இ-யா, யு-வா என்று காதை வைத்துச் சொல்ல முடியாது. அப்போது எழுதுகிறவர் தனக்குத் தெரிந்த வேறொரு சொல்லைத் துணைக்கு அழைக்கிறார். சிறியது என்றதும் யார் நினைவுக்கு வருவார்? மினி! மீதிக் குற்றம் அங்கே இருக்கிறது.

● ஐ போட்ட ஸ்பெல்லிங் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அச்சில் தலைகாட்டிவிட்டது. 1959இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி கார் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது; 1960களில் மினி ஸ்கர்ட் வந்தது. அதன் பிறகு 'மினி' என்ற முன்னொட்டு எதன் தலையில் வேண்டுமானாலும் ஏறிக்கொண்டது. நம் ஊரிலேயே மினி பஸ், மினி மீல்ஸ், மினி இட்லி என்று எத்தனை! இவ்வளவு மினிகளுக்கு நடுவே வாழ்கிறவர் மினஸ்க்யூலிலும் ஒரு மினியைப் பார்ப்பதில் வியப்பில்லை.

● வேடிக்கை இனிமேல்தான். 'மினி' என்பது பெரும்பாலும் 'மினியேச்சர்' என்ற சொல்லிலிருந்து வெட்டி எடுத்தது. மினியேச்சருக்கும் சிறுமைக்கும் பிறப்பில் எந்த உறவும் கிடையாது! லத்தீனில் 'மினியும்' என்றால் சிவப்பு ஈயம், அதாவது செந்நிறச் சாயப்பொடி. கையெழுத்துச் சுவடிகளில் தலைப்பெழுத்துகளுக்கு அந்தச் சிவப்பைத் தீட்டுவதைக் குறிக்க வந்த சொல், பிறகு சுவடிக்குள் வரையும் ஓவியத்துக்கும் ஆனது. ஏட்டின் ஓரத்தில் வரைகிற படம் சிறிதாகத்தானே இருக்கும்? மைனஸ், மினிமம் போன்ற சொற்களின் ஓசையும் சேர்ந்துகொள்ள, மினியேச்சர் என்றாலே சிறியது என்று ஆகிவிட்டது. ஒரு குழப்பத்தில் பிறந்த மினிதான் இப்போது மினஸ்க்யூலைக் குழப்புகிறது.

● மினிமம் உண்மையிலேயே மைனஸுக்கு நெருங்கிய சொந்தம். அதில் ஐ வருவதும் சரி. ஆகவே 'ஐ வந்தாலே தப்பு' என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். மினஸ்க்யூலில் யு-தான்.

● மினிஸ்டரும் இதே குடும்பம். லத்தீனில் 'மினிஸ்டெர்' என்றால் கீழே நின்று பணி செய்பவர், வேலையாள். அதற்கு எதிர்ச்சொல் 'மாகிஸ்டெர்', மேலே இருப்பவர். மாஸ்டரும் மாஜிஸ்ட்ரேட்டும் அதன் வழி வந்தவர்கள். வாத்தியாருக்குக் கீழேதான் மந்திரி. லத்தீன் கணக்கு அப்படி!

● கடிகாரத்தின் மினிட்? அதுவும்தான். இடைக்கால லத்தீனில் ஒரு பாகையை 60ஆகப் பிரித்து 'முதல் சிறு பகுதி' என்றார்கள். அதை மறுபடி 60ஆகப் பிரித்தது 'இரண்டாம் சிறு பகுதி'. முதலாவதில் 'சிறு' என்ற சொல் நின்று மினிட் ஆனது, அடுத்ததில் 'இரண்டாம்' என்ற சொல் நின்று செகண்ட் ஆனது. நேரத்துக்கும் அதே பெயர்கள் வந்துசேர்ந்தன.

● மினஸ்க்யூல் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'மிகச் சிறிய' என்ற பொருளில் வரவில்லை. ஒருவகை எழுத்தின் பெயராக வந்தது. நம் பிள்ளைகள் 'சின்ன ஏ, பி, சி, டி' என்று சொல்கிறார்களே, அதுதான் மினஸ்க்யூல். 'பெரிய ஏ, பி, சி, டி'க்கு மஜஸ்க்யூல் என்று பெயர். 'மிகச் சிறிய' என்ற பொதுப்பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒட்டிக்கொண்டது.

● பழைய ரோமில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. கல்லில் வெட்டியதெல்லாம் பெரிய எழுத்து. கி.பி. 113இல் எழுப்பிய டிராஜன் தூணின் அடியில் உள்ள கல்வெட்டு அதற்கு நல்ல சாட்சி. கல்லுக்கு அது சரி. இறகுப் பேனாவால் நாள் முழுக்கப் படி எடுக்கும் துறவிக்குக் கட்டுப்படியாகாது. கை வேகத்தில் எழுத்துகள் வளைந்தன, சுருங்கின, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. ஐரோப்பாவில் மடத்துக்கு மடம் எழுத்து மாறியது. ஒரு மடத்துச் சுவடியை இன்னொரு மடத்தில் வாசிக்கத் தடுமாறினார்கள்.

8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேரரசர் சார்லமேன் ஆட்சியில், பிரான்சின் மடங்களில் தெளிவான, உருண்டையான ஒரு சின்ன எழுத்து உருவாகிப் பரவியது. கரோலிங்கியன் மினஸ்க்யூல் என்பது அதன் பெயர். யார்க் நகரிலிருந்து வந்த அறிஞர் அல்குயின் அதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டாம். அவர் 796இல் டூர் நகர மடத்துக்குத் தலைவராகப் போவதற்கு முன்பே கோர்பி மடத்தில் அந்த எழுத்தில் பைபிள் எழுதியாகிவிட்டது. பரவுவதற்கு அவர் துணைநின்றார் என்றால் சரி. இன்னொன்று: இத்தனைக்கும் ஆதரவு தந்த சார்லமேனுக்கே எழுத வராது. தலையணைக்கு அடியில் பலகைகளை வைத்துக்கொண்டு எழுதிப் பழகினார், வயது கடந்து தொடங்கியதால் கை வரவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறித்திருக்கிறார்.

பல நூற்றாண்டு கழித்து, 1400களில், போஜியோ பிராச்சியோலினி போன்ற இத்தாலிய அறிஞர்கள் பழைய ரோமானிய நூல்களைத் தேடி மடங்களில் துழாவினார்கள். கிடைத்தவை பெரும்பாலும் கரோலிங்கியன் எழுத்தில் இருந்த படிகள். அதுவே பழைய ரோமானியர் கைப்பட எழுதிய முறை என்று நம்பிக்கொண்டு அதைப் பின்பற்றத் தொடங்கினார்கள். 1470இல் வெனிஸில் நிக்கோலஸ் ஜென்சன் அந்தப் பாணியில் அச்செழுத்து வார்த்தார். இன்று ஆங்கிலப் புத்தகத்தில் நாம் பார்க்கும் சின்ன எழுத்து அந்த வழியில் வந்ததுதான். ரோம் என்று நினைத்துப் போற்றியது சார்லமேன் காலத்துப் பிரான்சை!

● ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு ஏன்? காரணம் மினஸ்க்யூல். பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிடும். சின்ன எழுத்து அப்படியல்ல. ஏ, சி, ஓ நடுவில் உட்காரும். ஹெச், கே, எல் தலையை மேலே நீட்டும். ஜி, க்யூ, ஒய் வாலைக் கீழே தொங்கவிடும். பழஞ்சுவடி ஆய்வாளர்களும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள்: இரண்டு கோட்டு எழுத்து மஜஸ்க்யூல், நான்கு கோட்டு எழுத்து மினஸ்க்யூல்.

● கிரேக்கத்துக்கும் சின்ன எழுத்து உண்டு. தேதி குறித்த கிரேக்க மினஸ்க்யூல் சுவடிகளில் மிகப் பழையது 835ஆம் ஆண்டின் உஸ்பென்ஸ்கி நற்செய்திச் சுவடி. இப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. இந்தப் பெரிசு-சின்னது வேறுபாடு தமிழ், இந்தி, அரபு, சீனம் எதற்கும் இல்லை. ஒரு தலைவலி மிச்சம்.

● ஈயத்தில் அச்சுக் கோத்த காலத்தில் இரண்டு தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். மேல் தட்டில் பெரிய எழுத்து, கீழ்த் தட்டில் சின்ன எழுத்து. 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை.

● கணினிக்கு முதலில் சின்ன எழுத்தே தெரியாது. 1963இல் வெளியான, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி தரத்தில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. சின்னவை 1967 திருத்தத்தில் சேர்ந்தன. பெரிய ஏ-க்கு எண் 65, சின்ன ஏ-க்கு 97. எந்த எழுத்தை எடுத்தாலும் இடைவெளி 32தான்.

● இனி, சொல்லை எங்கே போடுவது? அளவு, வேறுபாடு, வாய்ப்பு, செலவு, மருந்துப் பெட்டியில் இருக்கும் பொடி எழுத்து, இவற்றோடு மினஸ்க்யூல் நன்றாகப் பொருந்தும். 'வெற்றி வாய்ப்பு மினஸ்க்யூல்' என்றால் கிட்டத்தட்ட இல்லை என்றே அர்த்தம். வெறுமனே சிறியது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இதைப் போட்டால் மிகையாகிவிடும். இரண்டு அறை வீடு சிறியது, மினஸ்க்யூல் ஆகாது. ஒருவருடைய சம்பளத்தை அப்படிச் சொன்னால் ஏளனமாக ஒலிக்கும். முன்னால் 'வெரி' சேர்ப்பதும் வீண். 'மிகமிக' அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் எழுதும்போது 'இம்மியளவு', 'எள்ளளவு' இரண்டும் சரியாக உட்காரும்.

● 'மைன்யூட்' என்ற பெயரடையும் மிகச் சிறியதைத்தான் குறிக்கிறது. எழுத்தில் கடிகார மினிட்டும் அதுவும் ஒன்றே, உச்சரிப்பு மட்டும் வேறு. ஆனால் அதற்கு 'நுணுக்கமான' என்று இன்னொரு பொருள் உண்டு. ஆவணத்தை வரிவரியாக ஆராய்ந்தால் அது மைன்யூட் ஆய்வு. அதை மினஸ்க்யூல் ஆய்வு என்று எழுதினால், ஆராய்ந்தவர் ஒன்றும் உருப்படியாகச் செய்யவில்லை என்றாகிவிடும்!

● இதே காரணங்களால் சறுக்கவைக்கும் வேறு சில பெயரடைகள். 'செப்பரேட்': பி-க்கும் ஆர்-க்கும் நடுவே ஏ. இதுவும் காது செய்கிற குழப்பம்தான். 'ப்ரிப்பேர்' என்ற சொல்லை நினைவில் வைத்தால் போதும், இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்று. 'சாக்ரிலீஜியஸ்', அதாவது தெய்வ நிந்தனையான: இதை எழுதும்போது எல்லாருக்கும் 'ரிலீஜியஸ்' நினைவுக்கு வந்து ஐ-யும் இ-யும் இடம் மாறிவிடும். இது கோயில் பொருளைத் திருடுபவனைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆர்-க்குப் பின் ஐ, எல்-லுக்குப் பின் இ.

'மிஸ்சிவஸ்' தனி ரகம். குறும்புக்காரப் பிள்ளையை 'மிஸ்சீவியஸ்' என்று சொல்லாத பள்ளிக்கூடமே கிடையாது. அந்தச் சொல்லில் மூன்றே அசை. வி-க்குப் பிறகு நேராக ஓ, யு, எஸ். நடுவில் ஐ இல்லை. நம்மை மட்டும் குறை சொல்ல வேண்டாம், இங்கிலாந்துக்காரர்களே 16ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த ஐ-யைச் சொருகி எழுதிவந்திருக்கிறார்கள்.

● ஐ போட்ட மினஸ்க்யூலை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி மாற்று ஸ்பெல்லிங்காகப் பதிவு செய்திருக்கிறது. அதைக் காட்டி வாதாடலாம்தானே என்று கேட்காதீர்கள். அதைப் பலர் பிழையாகவே கருதுகிறார்கள் என்றும் அதே அகராதி எச்சரிக்கிறது. பேராசிரியரும் தேர்வுத்தாள் திருத்துகிறவரும் அந்தப் பலரில் இருக்கவே வாய்ப்பு அதிகம். விண்ணப்பமானாலும் ஆய்வுக் கட்டுரையானாலும் நான்காவது எழுத்துக்கு யு போட்டே எழுதுங்கள்.