பெரோவ்ஸ்கைட்: பெயரும் பொருளும்

யூரல் மலைப்பகுதியில் கிடைத்த கனிமம் ஒன்றிற்கு, 1839இல் ஜெர்மானியக் கனிமவியலார் குஸ்தாவ் ரோசே, உருசியப் பிரபு லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை இட்டார். அக்கனிமம் கால்சியமும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. இன்று சூரிய மின்கல ஆய்வில் அப்பெயர் பெறும் முதன்மையான சேர்மங்களிலோ இம்மூன்றும் இல்லை. ஈய அயனியைச் சூழ ஆறு அயோடைடு அயனிகள் எண்முகமாக நிற்க, எண்முகங்களின் இடைவெளியில் கரிம அயனி அமர்கிறது. மூலக்கனிமத்தோடு ஒப்பது இவ்வடுக்கமைப்பு மட்டுமே.

ஜப்பானில் மியாசகா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வகை மின்கலத்தின் திறன் 3.8 விழுக்காடே; இன்று சிறுபரப்புக் கலங்களில் அது 25 விழுக்காட்டைக் கடந்துள்ளது. ஒளியை வலுவாக உட்கவர்வதால் ஒரு மைக்ரோமீட்டரளவுப் படலமே போதும். அதனைக் கரைசலாகவே பூசலாம். சிலிக்கானுக்குரிய கடும் உலைவெப்பம் வேண்டா. எனினும் ஈரமும் வெப்பமும் படலத்தைச் சிதைக்கின்றன. நச்சுடைய ஈயம் நீரில் கரைந்து வெளியேறவும் கூடும்.

ஆகவே கரிம அயனிக்கு மாற்றாகச் சீசியத்தையும், ஈயத்திற்கு மாற்றாக வெள்ளீயத்தையும் இட்டு ஆராய்கின்றனர். உட்பொருள் மாறினும் அடுக்கமைப்பு நிலைப்பதால் பெயர் மாறுவதில்லை. இதனைக் கனிமத்தின் உட்பொருள் தோன்றத் தமிழாக்குவது பிழையாகும், ஒலிபெயர்ப்பே தக்கது.