நர்சம்மா, போடலாமா?

2022 ஜனவரி 3ஆம் தேதி, 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தக் கணக்கில் வந்தார்கள். நான் அப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். அவர்களில் பலருக்கு, ஒன்றரை மாதக் குழந்தையாக இருக்கையில் முதல் முத்தடுப்பு ஊசியைப் போட்டவள் நான்தான். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்ட தாய்மார்கள், இப்போது தெருவில் நிறுத்திக் கேட்டார்கள்: “நர்சம்மா, இதைப் போடலாமா? உங்க பிள்ளைக்குப் போடுவீங்களா?”

என் மகளுக்கு அப்போது 17 வயது. முதல் வாரத்திலேயே போட்டுவிட்டேன். அதைச் சொன்னாலே பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள். ஆனாலும் அது அவர்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. பிள்ளையின் உடம்பில் என்ன ஏறுகிறது, எதற்காக ஏறுகிறது, ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றவர்களுக்கு உண்டு. ‘படிக்காத சனங்க, எதைச் சொன்னாலும் பயப்படுவாங்க’ என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் எங்கள் துறையிலும் இருந்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததையும், அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பிறகு மத்திய நிபுணர் குழு சொன்னதையும் எத்தனை வீட்டுக்கு நம்மால் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது? அதற்கும் முன்னால், 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோயின. அதன்பின் பல காலம் துணை சுகாதார நிலையங்களில் ஊசி போடுவதையே நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் குழந்தைகளை வரவழைத்தோம். அந்த நாட்களில் ஊசி போட்ட எந்தச் செவிலியருக்கும் தாயின் பயத்தைச் சிரித்துத் தள்ள மனம் வராது.

ஊசிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்துதான் நான் ஆரம்பிப்பேன். ஜனவரியில் பெரிய பிள்ளைகளுக்கு வந்தது கோவாக்சின். கொரோனா வைரஸை வளர்த்து, ரசாயனத்தால் கொன்று, இனிமேல் பெருக முடியாதபடி செய்து உடம்புக்கு அடையாளம் காட்டுவது. நாய்க்கடிக்குப் போடுகிற ஊசியும் இதே வழியில் செய்ததுதான். மார்ச் 16 முதல் 12 வயது முடிந்த பிள்ளைகளுக்கு வந்தது கோர்பிவேக்ஸ். இதில் முழு வைரஸ் கிடையாது. அதன் மேலிருக்கும் முள்ளின் ஒரு துண்டை மட்டும் ஈஸ்டில் வளர்த்து எடுக்கிறார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடும் மஞ்சள்காமாலை ஊசியும் இந்த முறையில் தயாராவதுதான். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பீட்டர் ஹோடெஸ், மரியா எலெனா போட்டாஸி என்ற இரு விஞ்ஞானிகளின் குழு இதை உருவாக்கியது. காப்புரிமை கேட்காமல் கொடுத்தார்கள், ஹைதராபாதில் தயாரானது. “பிறந்த அன்னிக்கே போட்ட ஊசி மாதிரிதானா?” என்று ஒரு தாய் கேட்டுவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். அங்கே 2021 ஜூனிலேயே 12 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு பைசர் போடத் தொடங்கிவிட்டார்கள். அந்த டிசம்பர் கடைசியில் 5 வயதுக் குழந்தைகளுக்கும் வந்துவிட்டது. “நம்ம ஊர்ல மட்டும் ஏன் வேற ஊசி?” என்று அப்பாக்கள் வீடியோ காலில் கேட்டார்கள். பைசர் வேறு வகை என்றும், அதில் இளவயது ஆண்களுக்கு அரிதாக இதயத் தசை வீங்குவது தெரியவந்ததால், ஊசி போட்ட பிறகு கடுமையான உடற்பயிற்சி வேண்டாம் என்று சிங்கப்பூர் அரசே சொல்லியிருக்கிறது என்றும் விளக்குவேன். நம் ஊரில் பிள்ளைகளுக்குப் போட்டவை அந்த வகை இல்லை.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கேள்வி தாழ்ந்த குரலில் வரும். “வயசுக்கு வந்த புள்ள. நாளைக்கிக் குழந்த குட்டி பொறக்காமப் போயிருமாமே?” கொன்ற வைரஸும் ஒரு துண்டுப் புரதமும் கருப்பையை என்ன செய்துவிட முடியும் என்று உட்கார்ந்து பேசினால் புரிந்துகொண்டார்கள். நின்றபடியே ‘அதெல்லாம் புரளி’ என்றால் புரியாது.

முகாமில் இன்னொன்று நடக்கும். காலையில் சாப்பிடாமல் வந்த ஒரு பெண் ஊசி போட்டதும் மயங்கிச் சாய்வாள். அதைப் பார்த்து அடுத்த பெஞ்சில் இன்னும் இருவர். பள்ளிக்கூட வாசலில் சேதி வேறு மாதிரி பரவும். பயத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதுதான் அது. படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் எழுந்துவிடுவார்கள். அரை மணி நேரம் உட்காரச் சொல்வது வேறு காரணத்துக்கு. கடும் ஒவ்வாமை யாருக்காவது வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் தெரியும். அதற்கான அட்ரினலின் ஊசி எங்கள் பெட்டியிலேயே இருக்கும்.

இனிச் சொல்வது, மேடையில் யாரும் பேசாதது. கொரோனாவால் ஆரோக்கியமான பிள்ளைக்கு வரக்கூடிய ஆபத்து குறைவு. இரண்டு மூன்று நாள் காய்ச்சலோடு பெரும்பாலும் போய்விடும். 2021 ஜூன், ஜூலையில் நாடு முழுக்க எடுத்த ரத்தப் பரிசோதனையில், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 61.6 சதவீதம் பேருக்கு நோய் ஏற்கெனவே வந்து போன தடயம் இருந்தது. கோவாக்சினைப் பிள்ளைகளுக்குச் சோதித்தது 525 பேரிடம். கோர்பிவேக்ஸை 624 பேரிடம். மிக அரிதான பின்விளைவு ஒன்று இருந்தால் அந்த எண்ணிக்கையில் அகப்படாது. அதனால் நிபுணர்களே ஒன்றுபோலச் சொல்லவில்லை. அமெரிக்கா 5 வயதிலிருந்தே போடச் சொன்னது. பிரிட்டனில் தடுப்பூசிக் குழு 12 முதல் 15 வயதுள்ள ஆரோக்கியமான பிள்ளைகள் எல்லோருக்கும் போடப் பரிந்துரைக்கவில்லை. பள்ளிப் படிப்பு கெடுகிறது என்று தலைமை மருத்துவ அதிகாரிகள் பிறகு போடச் சொன்னார்கள். ஸ்வீடன் 5 முதல் 11 வயதுக்குப் பொதுவாக வேண்டாம் என்றது. நம் நாட்டில் 2022 ஏப்ரலில் 12 வயதுக்குக் கீழே அனுமதி கிடைத்தும் அரசுத் திட்டத்தில் அது வரவே இல்லை.

அப்படியானால் என் மகளுக்கு ஏன் போட்டேன்? வீட்டில் சர்க்கரை நோயோடு என் மாமியார். அரிதாக, நோய் வந்து போன சில வாரம் கழித்துப் பிள்ளைகளுக்கு உடம்பின் பல உறுப்புகளில் அழற்சி கண்டு தீவிர சிகிச்சை வரை போவதும் உண்டு. இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் போடுவதே நல்லது என்று பட்டது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, அதிக எடை உள்ள பிள்ளைகளின் வீட்டில் நான் வற்புறுத்திச் சொன்னேன். ‘போட்டுக்கிட்டவங்களுக்கும் வந்துச்சே’ என்றால் ஆமாம் என்பேன். ஒமைக்ரான் யாரையும் விடவில்லை, நோய் முற்றாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஊசி. இத்தனையும் கேட்டுவிட்டு, ஆரோக்கியமான 13 வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று முடிவு செய்த பெற்றோரை நான் பொறுப்பற்றவர்கள் என்று நினைத்ததில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. கொரோனா ஊசியின் மேல் வந்த சந்தேகம் மெல்ல மற்ற ஊசிகளின் மேலும் ஏறியது. “அந்த ஊசியே வேணாம்னுட்டோம், சின்னவனுக்கும் எதுக்கு?” என்று 16ஆம் மாதத் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். ஊரடங்கிலேயே பல வீடுகளில் அது தவறிப்போயிருந்தது. 2021இல் மட்டும் உலகம் முழுக்க இரண்டரைக் கோடிக் குழந்தைகள் முத்தடுப்பு ஊசியில் ஒரு தவணையாவது விட்டுவிட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லின. 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். கொரோனா ஊசியில் யோசிக்க இடமிருந்தது. தட்டம்மையிலும் தொண்டை அடைப்பானிலும் இரணஜன்னியிலும் அந்த இடம் கிடையாது. பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த ஊசிகள் அவை. அவை தடுக்கும் நோய்கள் குழந்தையைத்தான் முதலில் கொல்லும்.

ஓய்வு பெற்ற பிறகும் கேள்வியோடு வீட்டுக்கு வருகிறார்கள். நான் முதலில் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறேன். 9ஆம் மாதமும் 16ஆம் மாதமும் தட்டம்மை-ரூபெல்லா, ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் முத்தடுப்பு பூஸ்டர், 10 வயதிலும் 16 வயதிலும் டிடி. ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் தட்டம்மை ஊசியை 5 வயதுக்குள்ளும் முத்தடுப்பை 7 வயதுக்குள்ளும் போட்டுவிட வேண்டும். அட்டையோடு புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். காசு கேட்க மாட்டார்கள். உங்களிடம் இருக்கும் கேள்விகளையும் கொண்டுபோங்கள், அங்கே இருக்கும் செவிலியரை உட்கார வைத்துக் கேளுங்கள்.