யந்திரத்துக்கு முன் வந்த கேள்வி

வியாபாரக் காரியங்களுக்காக உலகிலேயே முதன்முதலில் உழைத்த கணிப்பொறி, ரொட்டியும் கேக்கும் சுட்டு, நகரெங்கும் தேநீர்க் கடைகள் நடத்திவந்த லண்டன் ஜே. லயன்ஸ் கம்பெனியின் காட்பி ஹால் கட்டடத்தில் பிறந்தது. 'லியோ' என்னும் அந்த யந்திரம் 1951 நவம்பரில் அடுமனை உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிடும் வேலையை ஏற்றது.

அதன் சரித்திரத்தில் நான் பெரிதும் மதிப்பது ஜான் சிம்மன்ஸின் பங்கைத்தான். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று 1923-இல் லயன்ஸில் சேர்ந்த அவர், எந்தக் காகிதம் எந்த இலாகாவிலிருந்து வருகிறது, அதைப் பார்த்து யார் என்ன தீர்மானிக்கிறார்கள் என்பதை ஆராய்வதற்கென்றே 1930-களின் தொடக்கத்திலேயே ஒரு தனி அலுவலகத்தை நிலைபெறச் செய்திருந்தார். ஆகையால் 1947-இல் அமெரிக்கா சென்ற லயன்ஸ் அதிகாரிகளான தாம்ஸனும் ஸ்டாண்டிங்ஃபோர்டும், தம் நாட்டின் கேம்பிரிட்ஜிலேயே மாரிஸ் வில்க்ஸ் ஒரு கணிப்பொறி அமைத்துவருவதைப் பிரின்ஸ்டனில் கேட்டறிந்து திரும்பிய பொழுது, அதனிடம் கேட்க வேண்டியவை கம்பெனியிடம் தயாராக இருந்தன.

தேநீர்க் கடைகளின் தினசரித் தேவையை அவர்கள் கையாண்ட முறையைப் பாருங்கள். ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக ஒரு நிலையான பட்டியல் யந்திரத்திடம் இருக்கும். கடையை நிர்வகிக்கும் பெண்மணி, மழையை உத்தேசித்தோ கூட்டத்தை உத்தேசித்தோ அதில் தாம் விரும்பும் மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் சொல்வார். அதைக் கேட்டபடியே துளை அட்டையில் பதிந்துகொள்வார்கள். என்ன சுட வேண்டும், எதை எந்த வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதை யந்திரம் அச்சிட்டுத் தரும். கடைக்காரரின் அனுபவ அறிவுக்கு இடம் வைத்து, அவரது எழுத்து வேலையை மட்டும் குறைத்த இந்த ஏற்பாட்டை மேதைமை என்றே சொல்வேன்.

பிற்காலத்தில், பல பெரிய ஸ்தாபனங்களில் கணிப்பொறி கணக்கு இலாகாவின் ஏவலாளாகச் சுருங்கிற்று. கணிப்பொறியையும் தகவலையும் கவனிக்கத் தனி அதிகாரிகள் வேண்டும் என்ற எண்ணம் பிறகு படிப்படியாக வலுத்தது. தலைமைத் தகவல் அதிகாரி என்ற பதவியை வலியுறுத்தி ஸினாட், குரூபர் என்ற இருவர் 1981-இல் நூல் எழுதினர். தன் வங்கிக் கணினிகளுக்குள் புகுந்து நடந்த திருட்டுக்குப் பின் 1995-இல் சிட்டிகார்ப் தகவல் பாதுகாப்புக்கென ஓர் அதிகாரியை நியமித்தது. கடன் அட்டைச் சலுகைகளைப் பரிசோதனை செய்தே வளர்ந்த கேப்பிடல் ஒன் நிறுவனம் 2002-இல் தரவுகளுக்கென ஓர் அதிகாரியை அமர்த்திற்று.

எனினும் தரவு அதிகாரி என்ற இப்பதவி வங்கிகளில் பரவியதற்கு 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியே பெரிதும் காரணம். லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்த வேளையில், ஒரு கடனாளியிடம் தமக்கு மொத்தம் எவ்வளவு சிக்கியிருக்கிறது என்ற கேள்விக்குப் பெரிய வங்கிகள் பலவற்றால் உடனே விடை சொல்ல இயலவில்லை; ஒரே ஸ்தாபனம் வெவ்வேறு பேரேடுகளில் வெவ்வேறு பெயர்களிலும் எண்களிலும் சிதறிக் கிடந்தது. இத்தகைய தொகைகளை விரைவாகவும் பிழையின்றியும் திரட்டும் நெறிகளை, வங்கி மேற்பார்வைக்கான பாசல் குழு 2013-இல் வெளியிட்டது.

கணக்கை முடித்துக்கொண்டவரை வாடிக்கையாளர் தொகையில் சேர்ப்பதா, இரு இலாகாக்களின் எண்ணிக்கை முரண்பட்டால் எதை ஏற்பது என்பன போன்ற வழக்குகளைத் தீர்ப்பதிலேயே இன்று தரவு அதிகாரியின் பொழுது பெரும்பாலும் கழிகிறது. தம் தீர்ப்பை இலாகாத் தலைவர்கள் ஏற்கும்படி செய்யும் அதிகாரத்தை வழங்காமல், உயர்ந்த பட்டத்தையும் விலையுயர்ந்த யந்திரங்களையும் மட்டும் அவரிடம் ஒப்படைக்கும் நிர்வாகங்கள் அவரை வீணடிக்கின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.